தண்ணீரில்லாமல் கை கழுவியவர்

லாசர் கையில் இருந்தது பித்தளைத் தாம்பாளம் என்று ஒரு மராத்திப் பத்திரிகை எழுதியது. அது அலுமினியப் பேசின். வீட்டில் மீன் கழுவுவதற்கு வைத்திருந்தது. அவர் போர்த்தியிருந்தது பட்டு என்றும் எழுதியிருந்தார்கள். அது பழைய சிவப்பு ஜன்னல் திரை, ஓரத்தில் சரிகை வைத்துத் தைத்தது. தாராவியில் இதைப் பற்றி இப்போது பல கதைகள் உலவுவதால் இவ்விரண்டையும் முதலில் திருத்திவிடுகிறேன். நானும் அதே சந்தில் குடியிருப்பவன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். பார்க்காததை லாசரிடமும் அவர் மனைவி லூசியம்மாளிடமும் தனித்தனியாகக் கேட்டு, இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

லாசர் ராதாபுரம் பக்கத்துக்காரர். மீசை அரும்பும் வயதில் பம்பாய்க்கு வந்தவர். எங்கள் சந்தில் தோல் பட்டறை வைத்திருக்கும் முகைதீன் பாயிடம் கட்டிங் வேலைக்குச் சேர்ந்து, பெல்ட்டுக்கும் மணிபர்ஸுக்கும் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கத் தொடங்கியதும் வெட்டு கோணலாயிற்று. பாய் எதுவும் சொல்லவில்லை, லாசரே நின்றுகொண்டார். அதன்பின் மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடத்தில் இரவு வாட்ச்மேன். ஆள் நல்ல உயரம். பேச்சு குறைவு. மணிக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் பழக்கம் அந்த வேலையில் வந்தது.

எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் ஏசுவின் பாடுகளின் நாடகம் நடக்கும். லாசர் முதலில் ஈட்டி பிடிக்கும் சேவகனாக நின்றார். ஏசுவைச் சாகக் கொடுத்துவிட்டு, தனக்குப் பொறுப்பில்லை என்று கை கழுவும் பிலாத்துவாக நடித்துவந்தவர் மான்குர்த்துக்குக் குடிபோனபோது, உயரத்தைப் பார்த்து அந்த வேடத்தை இவருக்குக் கொடுத்தார்கள். முதல் வருடமே மேடையில் வசனம் மறந்துபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். மறுவருடம் நாடகத்தை நடத்துபவர், “வசனத்தை எடுத்துட்டேன் அண்ணே. நீங்க கழுவுனா போதும்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பிலாத்து பேசுவதில்லை.

சந்தின் கடைசியில் பொதுக் கழிப்பறை ஒன்று உண்டு. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இரண்டும் சேர்ந்த கட்டிடம். பழுதுபார்ப்பதாகச் சொல்லிக் கூரையைப் பிரித்தார்கள், பீங்கானைப் பெயர்த்தார்கள், சுற்றித் தகரம் அடித்தார்கள். பிறகு காண்ட்ராக்டரின் ஆட்கள் வருவது நின்றுபோயிற்று. இரண்டு மழைக்காலம் கடந்தது. அடுத்த கழிப்பறை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காசு கொடுத்துப் போவது. நடுவில் இடுப்பளவு உயரத்தில் டிவைடர். ஆண்கள் தாண்டிப் போனார்கள். பெண்கள் சிக்னல் வரை சுற்றிப் போய்த் திரும்பினார்கள்.

லூசியம்மாளுக்கு மூட்டு வலி, சர்க்கரையும் உண்டு. அவளால் டிவைடரைத் தாண்டவும் முடியாது, சிக்னல் வரை நடக்கவும் முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் அரை டம்ளர் காப்பி, மத்தியானம் சோற்றோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். சிறுநீர்த் தாரையில் புண் வந்து காய்ச்சல் அடித்தது. மாத்திரையில் தணிந்து மறுபடி வந்தது. இன்னொரு முறை வந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் சுஜா நகரத்துக்கு வெளியே ஐரோலியில் புருஷனோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே. “அம்மாவக் கூட்டிட்டு வந்துருங்கப்பா” என்று போனில் நச்சரித்தாள். லூசியம்மாளோ வீட்டு வாசலில் கருவாடு விற்பவள். அதை ஐரோலிக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டதற்கு, “வாசனைக்கு சொசைட்டிக்காரன் நோட்டீஸ் அடிப்பான்” என்று சுஜா சொன்னாளாம். லாசருக்கு மாட்டுங்காவில் இரவு வேலை. அவர் தாராவியை விட முடியாது. பூட்டிக் கிடக்கும் வீட்டை, மாற்று வீடு தருவதற்கான கணக்கெடுப்பில் சேர்ப்பதில்லை என்றொரு பேச்சும் அப்போது இருந்தது. ஆகவே கழிப்பறை திறக்காவிட்டால் அவள் அங்கே, இவர் இங்கே என்று ஆகிவிடும். இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை. “கோயில் திருவிழா வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னால ஆவாது” என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள்.

லாசர் வேலை முடிந்து வந்து தூங்காமல் வார்டு ஆபீஸுக்குப் பலமுறை போனார். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் ஒருமுறை காண்ட்ராக்டரைக் கேட்கச் சொன்னார். காண்ட்ராக்டரின் ஆபீஸில் சாக்கடைப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். சாக்கடைப் பிரிவில் இன்ஜினியரைக் கேட்கச் சொன்னார்கள்.

சந்து மன்றத்தின் அறையில் கூட்டம் போட்டோம். லாசர் எழுந்து ஒரே வாக்கியம் சொன்னார்.

“எல்லாவனும் கை கழுவிட்டானுவ.”

கூட்டத்தில் ஷைஸ்தாவும் இருந்தாள். முகைதீன் பாயின் அண்ணன் மகள். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு ரயில் நிலைய வாசல்களில் எதையாவது செய்துகாட்டுவாள். ஒருமுறை விலைவாசிக்காக வெங்காயத்தைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவள் சட்டென்று திரும்பினாள்.

“மாமா, அதையே செய்யலாமே.”

“எதைய?”

“கை கழுவுறத. உங்க பிலாத்து உடுப்பப் போட்டுக்கிட்டு ஆபீஸ் கேட்டுக்கு முன்னாடி. பேசின்ல தண்ணி கிடையாது. நாங்க காலிச் செம்பால ஊத்துவோம், நீங்க கழுவுங்க.”

சலூன் வைத்திருக்கும் பிச்சையா சிரித்தார். “என்ன தாயி, ஊமைக் கூத்தா? கோஷம் போட்டாலே ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்.”

“கூத்து இல்ல அண்ணே, பெர்ஃபார்மன்ஸ். கோஷம் போட்டா உள்ளேயிருந்து ஆள் வந்து ‘சரி, பாக்கறோம்’னு சொல்லிருவாங்க. நாம வந்துருவோம். ஒண்ணும் பேசாம நின்னா அவங்களுக்கு பதில் சொல்ல வழியில்ல.”

“பதிலே சொல்லாதவன்ட்ட பதில் சொல்ல வழியில்லாம பண்ணப் போறியாக்கும்?” என்றார் பிச்சையா.

லாசர் யோசித்துவிட்டு, “நிக்கது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல” என்றார். அத்துடன் முடிவாயிற்று.

உடுப்புப் பெட்டி ஜோஸ்பினிடம் இருந்தது. கோயில் சபையில் உடுப்புகளுக்குப் பொறுப்பு அவள்தான். தரமாட்டாள் என்று எதிர்பார்த்தோம். அவள் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னாள்: “ஏசப்பா உடுப்பக் கேட்டா செத்தாலும் தரமாட்டேன். பிலாத்து உடுப்புதான? அவன் அன்னைக்கே நாறிப்போனவன். கொண்டுட்டுப் போங்க. அலசித் தரணும்.”

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே நடைபாதையில் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் பேசினை வைத்தார்கள். லாசர் சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றார். சந்துப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் காலிச் செம்பைச் சாய்த்தாள். விழாத தண்ணீரில் லாசர் கையைத் தேய்த்தார், விரல்களுக்கு இடையில் கழுவினார், முழங்கைவரை வழித்தார், துண்டில் துடைத்தார். அடுத்தவள் வந்தாள். லூசியம்மாளும் வரிசையில் நின்றாள். வேண்டாம் என்று சொன்னதற்கு, “எனக்காவத்தான செய்யிதிய? நான் நிக்காம யாரு நிப்பா?” என்று கேட்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு டாக்ஸி நின்றது. ஆபீஸுக்கு வந்தவர்கள் நின்றார்கள். போனில் படம் பிடித்தார்கள். எதிரில் வடாபாவ் விற்பவர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: “அரே, யே லோக் தோ ஹாத் தோகே பீச்சே பட் கயே.”

கூட்டம் சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். அந்தச் சொல் வாய்மாறி வாய்மாறி ஆபீஸ் கேட்டுக்குள் போயிற்று.

ஷைஸ்தாவின் முகம் மாறியதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

“என்ன சொல்லுதான்?” என்று லூசியம்மாள் கேட்டாள்.

“தப்பாயிருச்சு மாமி. நாம நினைச்சது வேற. இந்தியில கை கழுவிட்டுப் பின்னால விழுந்தான்னா, ஒருத்தன விடவே மாட்டேன்னு துரத்துறதுன்னு அர்த்தம். மராத்தியிலயும் அதேதான்.”

“அப்ப கைவிட்டுட்டான்னு?”

“அது நம்ம பாஷையில மட்டுந்தான்.”

பாதி நாள் இந்தியில் பேசுகிறவள் ஷைஸ்தா. தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் லாசர் அந்தச் சொல்லைச் சொன்னபோது அது அவளுக்கு வீட்டுச் சொல்லாகத்தான் கேட்டிருக்கிறது. கூட்டத்தில் இருந்த எங்கள் அத்தனை பேருக்கும் இந்தி தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்ஜினியர் கேட்டுக்கு வந்துவிட்டார். கூடவே ஒரு கான்ஸ்டபிள். “யார் பின்னால் விழுந்திருக்கிறீர்கள்? என் பின்னாலா? இது மிரட்டல்” என்று இன்ஜினியர் இந்தியில் கத்தினார். லாசர் பதில் சொல்லவில்லை. பேசக்கூடாது என்று ஏற்பாடு. அவர் பாட்டுக்கு இன்ஜினியரைப் பார்த்தபடியே கையைத் துடைத்தார். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. கான்ஸ்டபிளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் ஸ்டூலை எடுக்கச் சொன்னார்.

சந்துக்குத் திரும்பும்போது பிச்சையா விடவில்லை. “நம்மள அவன் கைவிட்டான்னு சொல்லப்போயி, அவன நாம துரத்துதோம்னு சொல்லிட்டு வந்துருக்கோம். நல்லா நடிச்சிய அண்ணாச்சி.”

வெயிலில் நின்றதாலோ என்னவோ, இரண்டாம் நாள் லூசியம்மாளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கத்தில் பல் கிட்டியது. சுஜா டாக்ஸியோடு வந்துவிட்டாள். திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. லூசியம்மாள் கருவாட்டுக் கூடையை அடுத்த வீட்டில் ஒப்படைத்தாள். சேலைகளை ஒரு பையில் வைத்துக் கட்டினாள். டாக்ஸியில் ஏறும்போது புருஷனிடம், “சீலா கருவாட்ட மழையில நனைய விட்டுறாதிய” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை என்று இருவருமே சொன்னார்கள்.

மறுநாள் காலை வேலையிலிருந்து வந்த லாசர் ஷைஸ்தாவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“அவனுவ பாஷையில துரத்துறதுதானே அர்த்தம்?”

“ஆமா மாமா.”

“அப்ப பின்னாலயே போயிருவோம்.”

அவள் யோசித்துவிட்டுச் சில கட்டுப்பாடுகள் சொன்னாள். ஆபீஸ் நேரத்தில் மட்டும், தெருவில் மட்டும். அவருடைய வீட்டுப் பக்கம் போகக்கூடாது. கிட்டே போகக்கூடாது, தொடக்கூடாது, பேசக்கூடாது. வழி மறிக்கக்கூடாது. லாசர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்படித்தான் அந்த நடை தொடங்கியது. இன்ஜினியர் வேலைகளைப் பார்வையிட ஆபீஸிலிருந்து கிளம்புவார். பின்னால் ஒரு கடை தூரம் விட்டு லாசர் நடப்பார். சிவப்புத் துணி, இடுப்பில் அணைத்த பேசின். இன்ஜினியர் எங்கே நின்றாலும் இவரும் நின்று, தரையில் பேசினை வைத்து, குனிந்து கை கழுவுவார். இன்ஜினியர் நடந்தால் எடுத்துக்கொண்டு நடப்பார். குழாய் ரிப்பேர் பார்க்கும் இடத்தில், ரோடு தோண்டும் இடத்தில், ஜெராக்ஸ் கடையில் என்று எங்கும். கடைக்காரர்கள் தூரத்திலேயே கண்டுகொண்டு, “சாப், ஆ கயே ஹாத் தோகே” என்று சொல்வார்கள். இன்ஜினியர் கான்ஸ்டபிளிடம் முறையிட்டார். பொது ரோட்டில் ஒருவர் நடப்பதைத் தடுக்க என்ன சட்டம் இருக்கிறது என்று கேட்டுவிட்டாராம் அவர். சில நாள் ஷைஸ்தாவும் கூடவே நடந்தாள். சில நாள் பெண்களில் யாராவது. பெரும்பாலும் லாசர் தனியாகத்தான் நடந்தார். பகலில் தூங்காததால் இரவு வேலையில் நின்றுகொண்டே கண்ணயர்ந்து, கட்டிடத்தின் செக்ரட்டரியிடம் திட்டு வாங்கினார்.

கடைசியில் ஒரு சாயாக் கடையில் இன்ஜினியரே திரும்பி, “வாரும், உட்காரும்” என்று கூப்பிட்டார். லாசர் உட்கார்ந்தார். உட்காரக்கூடாது என்று ஷைஸ்தா சொல்லவில்லை. பேச்சு இந்தியில் நடந்தது.

“என் மகன் போனில் வீடியோ பார்த்துவிட்டு, ‘பப்பா, உங்க பின்னாடி ஏன் ஒரு ராஜா வாரார்’ என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல?”

லாசர் பேசினைக் காலடியில் இறக்கி வைத்தார்.

“உங்கள் பிரச்சினை என்னவென்று சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லுங்கள்.”

லாசர் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: “ஆப் நே ஹாத் தோ லியா.” நீங்கள் கை கழுவிவிட்டீர்கள்.

இன்ஜினியர் தன் கையைப் பார்த்தார். “ஆமாம், சாயாவுக்கு முன்னால் கழுவினேன். அதற்கென்ன?”

லாசருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். இன்ஜினியரும் காரணம் தெரியாமல் சிரித்தார். அதன்பின் கொஞ்சம் மனம்விட்டுப் பேசினார். கழிப்பறை கட்டி முடிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஆனால் அதன் கழிவு போகவேண்டிய தொட்டி, சாக்கடைக் குழாயோடு சேரும் இடத்தில், ஒரு பட்டறையின் தரைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பட்டறைக்காரர் அதன்மேல் கான்கிரீட் போட்டு, டைல்ஸ் பதித்து, மெஷின் நிறுத்தியிருக்கிறார். தன் பட்டறைக்குள் ஒரு தனிக் கழிப்பறை கட்டி அதே தொட்டியில் இணைத்தும் விட்டார்.

“எந்தப் பட்டறை?”

“உங்கள் சந்துதான். முகைதீன்.”

“அப்படின்னா நோட்டீஸ் குடுக்க வேண்டியதுதானே?”

“கொடுத்தால் இடிக்க வேண்டும். இடிக்க வந்தால் உங்கள் சந்து முழுவதும் பட்டறையின் முன்னால் படுத்துக்கொள்ளும். நீங்களும் படுப்பீர்கள். பொய்யா?”

அது பொய்யில்லை. முன்பு ஒருமுறை அதே பட்டறைக்காக நாங்கள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். லாசர்தான் முதல் வரிசை.

அன்று மாலை ஷைஸ்தாவிடம் சொன்னார். முகைதீன் பாய் அவளுடைய சாச்சா, சித்தப்பா. தகப்பன் இறந்தபின் அவளைப் படிக்கவைத்தவர்.

“எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது.”

“தெரியும்னு நான் சொல்லலியே.”

“அவரு முன்னாடி போயி நிக்கப் போறீங்களா?”

“வேற எங்க போயி நிக்க?”

“நான் வர முடியாது.”

“வரவேண்டாம் தாயி. செம்பு மட்டும் குடு. ஒன் வீட்டுச் செம்புதான் வாயகலமா இருக்கு.”

அவள் செம்பைக் கொடுத்தாள்.

மறுநாள் லாசர் பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டுப் பேசினை வைத்து நின்றார். அவர் வேலை பார்த்த இடம். உள்ளே தோல் வெட்டும் பையன்கள் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பாய் வெளியே வந்தார்.

“என்னவே, எனக்கு முன்னாடியுமா வேஷம்? ஆபீஸ்காரன் சுத்திச் சுத்தி ஓடுதான்னு கேள்விப்பட்டேன். இங்க வேல நடக்கணும், போரும்.”

லாசர் கையில் செம்பைச் சாய்த்துத் தானே கழுவிக்கொண்டார். பாய் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே போனார். மத்தியானம் அவர் மனைவி சைனப், ஒரு பையனிடம் சாயா கொடுத்தனுப்பினாள். அது ஆறிப்போய் ஸ்டூலில் இருந்தது. அடுத்த நாளும் லாசர் நின்றார். சந்து மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்று பேசினார்கள். “நம்ம ஆளுக்கு முன்னாடியே நிக்கது நல்லாவா இருக்கு?” என்று பிச்சையா கேட்டார். அது பலருடைய எண்ணமும்தான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷைஸ்தா, தோள்பையைக்கூட இறக்காமல் வந்து, லாசரின் கையிலிருந்த செம்பை வாங்கிச் சாய்த்தாள். லாசர் கழுவினார். பாய் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார். அண்ணன் மகளை அவர் பார்க்கவில்லை. பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏவே லாசரு. நான் ஒங்களையெல்லாம் கை கழுவிட்டேன்னா சொல்லுதீரு?”

அந்த வாசலில் லாசர் முதல்முறையாகப் பேசினார்.

“நீங்க சரியாப் படிச்சிட்டிய பாய். ஊரெல்லாம் சுத்துனேன், ஒருத்தனும் படிக்கல.”

பாய் ஷட்டரை மேலே தள்ளிவிட்டார். “காண்ட்ராக்டர் வேற பக்கமா லைன் இழுத்துருவேம்னான். இழுத்திருப்பாம்னுதான் இருந்தேன்” என்றார்.

“இழுக்கல.”

“கருவாட்டுக்காரம்மாவ எங்க, ஆளையே காணல?”

“ஐரோலில.”

“என்னத்துக்கு?”

லாசர் பட்டறையின் தரையைக் காட்டினார்.

இந்த இடத்தில்தான் பாய் அழுதார் என்று சிலர் சொல்கிறார்கள். அவர் அழவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. “அத வந்து சொன்னா ஆவாதா? துணியப் போத்திக்கிட்டு வாசல்ல நிக்கணுமா? எத்தன வருஷம் எங்கிட்ட வேல பாத்தீரு?” என்று சத்தம் போட்டார். ஷைஸ்தாவைப் பார்த்து, “ஒனக்கும் வீடு எதுன்னு மறந்துபோச்சு” என்றார். அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை. “வீட்டுலேயிருந்துதான் சாச்சா வந்திருக்கேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, மெஷினை நகர்த்தச் சொன்னார் பாய். டைல்ஸை உடைத்தார்கள். அவரும் சும்மா விடவில்லை. தன் கழிப்பறையை முறைப்படி இணைத்துத் தரவேண்டும், தரையை மன்றமே திரும்பப் போட்டுத் தரவேண்டும் என்றார். லாசர் யாரையும் கேட்காமல் சரியென்று சொல்லிவிட்டார். அதற்காகப் பிச்சையா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. சலூனில் முடிவெட்டவும் மறுத்தார். பாய் இன்றுவரை ஷைஸ்தாவோடு முன்போல் பேசுவதில்லை. பெருநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிடுகிறார். அவள் போகிறாள், சாப்பிட்டுவிட்டு வருகிறாள்.

தொட்டியைத் திறந்துகொடுத்தால் வேலையை முடித்துவிடுவதாக இன்ஜினியர் சாயாக் கடையில் சொல்லியிருந்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தொட்டி திறந்ததும் காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்தார்கள். மழைக்கு முன்னால் கூரை ஏறிற்று. திறப்பு விழாவுக்கு ஒரு கட்சிக்காரர் வந்து ரிப்பன் வெட்டினார். பிலாத்துவும் உடுப்போடு நின்றால் போட்டோ நன்றாக இருக்கும் என்று ஆள் அனுப்பினார்கள். லாசர் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். உடுப்பு ஜோஸ்பினிடம் அலசித் திரும்பப் போயிருந்தது.

அன்று மாலை லாசர் ஐரோலிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

“தொறந்தாச்சு.”

“தண்ணி வருதா?” என்று லூசியம்மாள் கேட்டாள்.

“வருது.”

“எப்பவுமா, காலையில மட்டுமா?”

லாசர் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி போட்டார். “மேல டேங்க் வச்சிருக்கான்.”

“வெளிச்சம்?”

“பல்பு இருக்கு.”

“எரியுதா?”

“எரியுது.”

“கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?”

லாசர் மறுபடி போனார். பெண்கள் பக்கத்துக் கதவுகளில் பாதிக்குத் தாழ்ப்பாள் இல்லை; ஸ்க்ரூ போடத் துளை மட்டும் இருந்தது. ரிப்பன் வெட்டியவர்கள் ஆண்கள் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“இல்ல.”

“அப்ப தொறந்தாச்சுன்னு ஏன் சொன்னிய?” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

லாசர் அடுத்த நாள் தூங்கவில்லை. கடையில் தாழ்ப்பாள் வாங்கிவந்தார். ஸ்க்ரூ டிரைவர் முகைதீன் பாயின் பட்டறையிலிருந்து வந்தது, பாயே கொடுத்தனுப்பினார். சில துளைகள் தாழ்ப்பாளுக்குப் பொருந்தவில்லை, புதிதாகப் போட்டார். ஒவ்வொரு கதவையும் உள்ளேயிருந்து பூட்டச் சொல்லி, வெளியிலிருந்து தோளால் இடித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில் லூசியம்மாள் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போகாமல் நேராகச் சந்துக் கடைசிக்கு நடந்தாள். லாசர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அவள் ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். வெளியே வந்து, “ராத்திரி ஆம்பளையாள் இங்க வந்து பீடி குடிப்பான். பொம்பளப் பக்கத்துக்குப் பூட்டு போடணும்” என்றாள்.

மன்றத்தில் பேசிப் பூட்டு வாங்கினோம். இரவு பத்து மணிக்கு மேல் பெண்கள் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். சாவி இப்போது லூசியம்மாளிடம் இருக்கிறது. அகாலத்தில் வேண்டுமென்றால் அவள் கதவைத் தட்டவேண்டும். வாட்ச்மேன் வேலைக்குப் போன புருஷனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே எழுந்துவந்து தருவாள். தந்துவிட்டு, வலிக்கும் முழங்காலோடு, சாவி திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பாள்.